காய்ச்சல் பாயும் பதினொரு சிமெண்ட் பலகைகளும்

கடலுக்குக் காய்ச்சல் அடிக்கிறது, உடனே ஏதாவது செய்யுங்கள் என்று எழுத்துமூலமாக மனுக் கொடுத்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த மனுவை வாங்கி, சீல் குத்தி, நம்பர் போட்டு, சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவைத்த ஆபீஸும் ஒன்றுதான் இருக்கும். ஆபீஸின் பெயரைச் சொல்ல மாட்டேன். மனுக் கொடுத்தவரின் பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. பெரியபட்டினத்தில் அவர் காய்ச்சல் பாய். ரேஷன் கார்டில் இருக்கும் பெயரை அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

மனு போன பத்தாம் நாள் பாய் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கடலைப் பார்க்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்று பாய் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர்கள் அவரை உட்காரவைத்து, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். வீட்டைச் சுற்றிப் புகை அடித்தார்கள். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக் கொசுப்புழு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு டம்ளர் நிலவேம்புக் கஷாயம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு தபாலில் பதில் வந்தது. மனுதாரரின் இல்லத்தில் எவருக்கும் காய்ச்சல் இல்லை என்பது ஆய்வில் தெரியவந்ததால் மனு முடித்துவைக்கப்படுகிறது.

பாய் அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் பரமக்குடிக்காரன். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஊர். எனக்கு நீச்சல் தெரியாது. அப்படிப்பட்ட என்னைத்தான் மன்னார் வளைகுடாவில் ஒரு பவளப்பாறைத் திட்டத்துக்குக் கள அலுவலராகப் போட்டார்கள். இங்கிலீஷில் அறிக்கை எழுதத் தெரியும் என்பது என் தகுதி. அலை உடைத்துப்போட்ட உயிருள்ள பவளத் துண்டுகளைப் பொறுக்கிவந்து, சிமெண்ட் பலகைகளில் நைலான் கயிற்றால் கட்டி, ஒரு தீவை ஒட்டிக் கடலடியில் வரிசையாக வைப்பது எங்கள் வேலை. எங்கள் வேலை என்றால், திட்டத்தில் கூலிக்கு முங்கிய பாயின் வேலை. நான் படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, அவர் மேலே வந்து சொல்வதை எழுதிக்கொள்வேன்.

பாய் சவுதியில் பதினேழு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பி வந்து முதல் வாரம் கடலில் முங்கியவர், அலறிக்கொண்டு எழுந்தாராம். தண்ணீர் சுடுகிறது என்று கரையில் நின்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். வெயில் காலத்தில் சுடாமல் என்ன செய்யும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பாய்க்கு அந்தப் பதில் போதவில்லை. சூடு என்றால் அளந்து பார்க்கிற தொழில் அவருடையது.

முதல் தடவை அவர் கடலுக்குக் கொண்டுபோனது வீட்டில் பிள்ளைகளுக்கு வைக்கிற தெர்மாமீட்டர். அது முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே எதையும் காட்டாது. அது அவருக்கும் தெரியும், ஆனால் அவசரத்தில் மறந்துவிட்டார். பாதரசம் அசையாமல் கிடப்பதைப் பார்த்து, கடல் மவுத்தாகிவிட்டது, உயிரே போய்விட்டது என்று அரைமணி நேரம் கலங்கிப்போனதாக அவரே சொன்னார். அதற்குப் பிறகுதான் ஏசிக்குள் விட்டுப் பார்க்கிற, நீண்ட வயர் வைத்த டிஜிட்டல் கருவி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார். தொழுகைக்குப் போகும்போது மட்டும் கழற்றுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் பிரியாணி அண்டாவின் பக்கம் அவரை விட மாட்டார்கள்.

அவர் மனைவி ஒரு தடவை என்னிடம் முறையிட்டார். “நான் மூணு நா படுத்துக் கெடந்தேன் தம்பி. என் நெத்தியத் தொட்டுப் பாக்கல. கடலுக்கு முப்பத்தொண்ணுன்னு எங்கிட்ட வந்து சொல்றாரு.”

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டேன். பதிலுக்கு வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே பூப்பூவாய்க் கோலம் போட்டது போன்ற கற்கள். எல்லாம் பவளக்கல். தடை வருவதற்கு முன்னால் அவருடைய வாப்பா கடப்பாரையோடு கடலில் இறங்கிப் பவளத்தை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு விற்றவர். மிச்சத்தில் கட்டியது இந்த வீடு. “செத்தது எங்க வீட்டுச் சொவத்துல இருக்கு. உசுரோட இருக்கிறதையாவது பாக்கணும்ல” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

பவளம் ஏன் வெளுக்கிறது என்று எங்கள் ஆபீஸில் தடித்தடியாகப் புத்தகங்கள் இருந்தன. நான் படித்துப் புரியாமல் தூங்கியிருக்கிறேன். பாய் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார்.

“பவளம்னா கல்லுன்னு நெனைக்காதீங்க தம்பி. அது பிராணி. அதுதான் வீட்டுக்காரன். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. பாசி வெயில்ல சமைச்சு, தானும் தின்னு, வீட்டுக்காரனுக்கும் போடும். கலரும் பாசியோட கலருதான். சூடு கூடிப்போனா வீட்டுக்காரனுக்குக் கிறுக்குப் புடிச்சிரும். சமைச்சுப் போட்ட ஆளையே வெளிய தள்ளிருவான். அப்புறம் வெள்ளை வெளேர்னு பட்டினி கெடப்பான். சீக்கிரம் குளுந்தா குடித்தனக்காரன் திரும்பி வருவான். இல்லேன்னா மவுத்து.”

எங்கள் திட்டத்தின் தலைவரைப் பெரிய சார் என்போம். கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீர் படாமல் கடலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர். ராமநாதபுரத்தில் வாடகைக்கு எடுத்த ஆபீஸில் அவர் அறை மட்டும் எப்போதும் பதினெட்டு டிகிரி. ஏசி ரிப்பேருக்கும் பாயைத்தான் கூப்பிடுவார். பாய் சரிசெய்துவிட்டு இருபத்தாறில் வைத்துவிட்டு வருவார். சார் மறுபடி குறைப்பார். ஒரு நாள் பாய் நேராகவே சொல்லிவிட்டார். “உள்ள குளுரணும்னா சூட்டை வெளிய தள்ளணும் சார். எல்லாரும் வெளிய தள்ளுறோம். கடலுக்கு எது வெளிய?” சார் என்னைப் பார்த்து, இந்த ஆள் மெக்கானிக்கா, மார்க்க உபதேசம் செய்கிற ஆலிமா என்று கேட்டுவிட்டு ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்த கதை அந்தச் சித்திரையில் ஆரம்பித்தது. காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடந்தது. பாய் முங்கி எழுந்து, முப்பத்திரண்டு என்றார். மறுநாளும் அதே. மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு வளர்ந்திருந்த எங்கள் பவளங்கள் நுனியில் வெளிற ஆரம்பித்துவிட்டன. பலகைகளைத் தீவுக்கு வெளிப்புறம், நீரோட்டம் உள்ள ஆழத்துக்கு மாற்றிவிடலாம் என்றார் பாய். அங்கே இரண்டு டிகிரி குறைவாக இருப்பதை வயர் விட்டுப் பார்த்திருந்தார். பத்து நாள் வேலை, ஒரு வள்ளம் போதும்.

நான் பெரிய சாரிடம் போய்ச் சொன்னேன். வைத்த பலகையை நகர்த்த மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார் அவர். அது நியாயம்தான். பாதுகாக்கப்பட்ட கடல், ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. கடிதம் எழுதினேன், அனுப்பினேன். பதில் வரவில்லை. பாய் தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். கடுதாசி வந்துச்சா என்று கேட்பார். இல்லை என்பேன். முப்பத்திரண்டரை என்பார். போய்விடுவார்.

கடிதத்துக்குப் பதிலாக ஒரு குழு வந்தது. டெல்லியிலிருந்து நாலு பேர், தலைவி ஓர் அம்மாள், நல்ல மனுஷி. எங்கள் பவளத்தோட்டத்தைப் பார்வையிட்டு, திட்டத்தை நீட்டிப்பதா என்று முடிவுசெய்ய வந்தவர்கள். அதற்குள் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டிருந்தது. பெரிய சார் என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த தீவில் இயற்கையாகவே நன்றாக இருக்கும் ஒரு பாறைத் திட்டைக் காட்டிவிட்டு அதைத்தான் நம்முடையது என்று சொல்லச் சொன்னார். எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சரி சார் என்றேன். கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தாலும் சரி சார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

படகு ஓட்டியது பாய். எங்கே போக வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். பாதி வழியில் இன்ஜின் நின்றது. பாய் குனிந்து எதையோ தட்டினார், திருகினார், பிஸ்மி சொன்னார். படகு தானாக மிதந்துபோகிறது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். காற்றில்லாத கடலில், நீரோட்டத்துக்கு எதிராக ஒரு படகு எப்படி மிதந்துபோகும் என்று யோசிக்கிற அளவுக்குக் கடல் தெரிந்தவர் அதில் யாருமில்லை. பின்னால் பாய் துடுப்பை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நேராக எங்கள் பலகைகளுக்கு மேலே வந்து நங்கூரம் போட்டார். பெரிய சாரின் முகம் அடியில் கிடந்த பவளத்தைவிட வெளுத்துவிட்டது.

அடியில் கண்ணாடி வைத்த பெட்டியைத் தண்ணீரில் அமுக்கி, அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் விரிந்திருந்தன. எவ்வளவு அழகு, வெள்ளை மாளிகை போல இருக்கிறது, இத்தனை சுத்தமான வெண்மையை நான் பார்த்ததே இல்லை என்றார் இங்கிலீஷில். குழுவில் நிதி பார்க்கிறவராம் அவர், கடல் அவருக்குப் புதுசு. கூட வந்தவர்களில் பவளம் பற்றிப் படித்த ஒரே ஆள் வாந்தி வந்து படகின் மறுபக்கம் தொங்கிக்கொண்டிருந்தார்.

அம்மாள் என்ன சொல்கிறார் என்று பாய் கேட்டார். சொன்னேன்.

பாய் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். “மையத்தச் சுத்திப் பொதைக்கிற கஃபன் துணியும் வெள்ளைதான்னு சொல்லுங்க.”

அவர் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மாள் ஆவலோடு என்னைப் பார்த்தார். பெரிய சாரும் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். “எங்கள் பகுதியில் வெள்ளை நிறத்தை மிகப் புனிதமாகக் கருதுகிறார்கள், மேடம்.”

அம்மாள் நெகிழ்ந்துபோய் அதைக் குறித்துக்கொண்டார். திட்டம் நீட்டிக்கப்பட்டது. பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அதுவரை என் நம்பிக்கை. பதினேழு வருஷம் சவுதியில் இருந்தவருக்கு, புனிதம் என்பதற்கும் பிணம் என்பதற்கும் இங்கிலீஷில் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்காது. கரை சேரும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டார்கள் என்றால், சொன்னது நான்.

பாய் வாதாடவில்லை. வீட்டுக்குப் போனார், அடுத்த விடியலில் ஃபஜர் தொழுதார், மச்சானின் வள்ளத்தை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனார். இன்னும் முழுசாக வெளுக்காத பலகைகளாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி, வள்ளத்தின் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள்ளேயே தொங்கவிட்டுக்கொண்டார். பவளத்துக்கு ஒரு நிமிஷம்கூட மேலே வெயில் படக் கூடாது. இன்ஜின் போட்டால் ஆட்டத்தில் உடைந்துவிடும் என்று கையால் துடுப்புப் போட்டுத் தள்ளி, ஆழத்தில் இறக்கி வைத்தார். ஒரு நடைக்கு இரண்டு பலகை. ஒரு காலையில் இரண்டு நடை. மூன்றாம் நாள் பதினொன்றாவது பலகையை இறக்கிவிட்டு மேலே வந்தபோது, காவல் படகு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

பாதுகாக்கப்பட்ட பவளத்தை அனுமதியில்லாமல் அகற்றியதாக வழக்கு. தந்தை தொழிலையே மகனும் செய்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிடித்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கண்ணால் கண்டதை எழுதினார்கள். அவர்கள் எங்கள் ஆபீஸுக்கு வந்து, இவர் உங்கள் ஆள்தானா, பலகையை மாற்ற ஏதாவது ஏற்பாடு உண்டா என்று கேட்டார்கள். அந்த நபருக்கும் இத்திட்டத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று பெரிய சார் கையெழுத்துப் போட்ட கடிதம் போனது. இலக்கணப் பிழை இல்லாத கடிதம். எழுதியது நான்.

ஆனியில் காற்று எழும்பிக் கடல் குளிர்ந்தது. அதற்குள் ஆழம் குறைந்த இடத்தில் இருந்ததெல்லாம் செத்து, மேலே பச்சையாகச் சளி மாதிரி பாசி மூடிவிட்டது. பவளத்தில் மேய வருகிற கிளிமீன்களும் வரவில்லை. வெளிப்புறத்தில் பதினொரு பலகைகளும் உயிரோடு இருந்தன. நிறம் திரும்பி, நுனியில் புதுசாய் வளரவும் ஆரம்பித்தன. பலகைகளை ஆழத்துக்கு மாற்ற அனுமதி வழங்கும் கடிதம் ஐப்பசியில், நல்ல அடைமழையில், நனைந்துபோய் வந்து சேர்ந்தது.

பெரிய சார் அதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அனுமதி இருக்கிறது, பலகையும் ஆழத்தில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார். அந்த வருஷ அறிக்கையில் ஒரு வரி வந்தது. ‘வெப்ப உயர்வை முன்கூட்டியே கணித்த திட்டக் குழு, உரிய அனுமதியுடன் பலகைகளை ஆழ்பகுதிக்கு மாற்றி வெற்றி கண்டது.’ மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு. பல் கிட்டித்துப்போகிற ஏசி. திரையில் பதினொரு பலகைகள் வண்ணவண்ணமாய் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். அந்தக் குளிருக்கு அது உதவியாகத்தான் இருந்தது.

அதே நாள் பாய் கோர்ட்டில் வாய்தாவுக்கு நின்றுகொண்டிருந்தார். வழக்கு முடியும் வரை தீவுப் பக்கம் போகக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. அதனால் தினமும் கரையில் நின்று, கடலுக்குப் போய் வருகிறவர்களின் கையில் கருவியைக் கொடுத்தனுப்பி, சூடு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பாதிப் பேர் கருவியைத் தண்ணீரில் விடாமலே வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அவர் மாசக்கணக்கில் அதையும் நம்பி எழுதிவைத்திருந்தார்.

இரண்டு வருஷம் கழிந்தது. என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நானாக ராஜினாமா செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் முடிந்துதான் போனது. பிறகு பத்திரிகைக்கு எழுத வந்தேன். கற்பனைக்கு வேண்டிய பயிற்சி அறிக்கைகளிலேயே கிடைத்திருந்தது. ஒரு நாள் பாயின் மனைவி போன் செய்தார். வழக்கு விசாரணைக்கு வருகிறது, நீங்கள் வந்து உள்ளதைச் சொன்னால் போதும் என்று வக்கீல் சொல்கிறார், வருவீர்களா என்று கேட்டார். பாய் கேட்கச் சொன்னாரா என்றேன். அவருக்குத் தெரியாது என்றார்.

போனேன். கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். பலகையை மாற்ற வேண்டும் என்று அவர் கெஞ்சியது, நான் கடிதம் எழுதியது, படகு, குழு, அவரை வேலையை விட்டு நிறுத்தியது. தொடர்பில்லை என்ற கடிதத்தையும் வெற்றி கண்டது என்ற அறிக்கையையும் எதிரெதிரே வைத்துவிட்டு, இரண்டையும் எழுதியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நீங்க எழுதினதுல எதுதான் உண்மை?”

“தேதி மட்டும் உண்மைங்கய்யா” என்றேன்.

கோர்ட்டில் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. அடுத்த வாய்தாவில் அவரை விடுதலை செய்தார்கள். அன்றைக்கும் நான் போயிருந்தேன். தீர்ப்பைக் கேட்டுவிட்டு அவர் வெளியே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்டில் பெரியபட்டினம் பஸ் நின்றது. எனக்குப் போக வேண்டியது பரமக்குடி. அவரோடு அதிலேயே ஏறினேன்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் பேசினார். “மச்சான் போன வாரம் போய்ப் பாத்தான். பதினொண்ணுல நாலுதான் உசுரோட கெடக்கு.”

மற்றது என்ன ஆயிற்று என்று கேட்டேன். இந்த வருஷம் ஆழம் வரைக்கும் சூடு போய்விட்டது என்றார். இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்கே தெரியவில்லையாம். அந்த மனிதர் தெரியவில்லை என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “நீங்க வந்து சொன்னீங்க. லேட்டு. ஆனா வந்தீங்க. அந்தக் கடுதாசி மாதிரிதான் நீங்களும், மழையில நனைஞ்சுட்டு வாரீக.” பிறகு, வெயில் என் பக்கம் அடிக்கிறது என்று எழுந்து, என்னை நடைவழிப் பக்கம் தள்ளிவிட்டு அவர் ஜன்னலோரம் மாறிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். தலை என் தோளில் வந்து சாய்ந்தது.

பஸ்ஸில் முக்கால்வாசி சீட் காலி. ஊர் வரும் வரை நான் தோளை அசைக்கவில்லை.